பலகைக்குப் பின்னால் யார்?

மின்கம்பத்திலும் பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரிலும் ஒட்டியிருக்கும் அந்தத் துண்டுச் சுவரொட்டியைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர் குறைவு. 'குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்' என்று தடித்த எழுத்து. கீழே ஒரு செல்பேசி எண். ஆளின் பெயர் இல்லை, படிப்பு இல்லை, ஊர்கூட இல்லை. பேசினால் கூரியரில் பொடி வரும். சாம்பாரில் கலந்து கொடுத்துவிட்டால் போதும் என்பார்கள்.

அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை. ஆனால் குடிப்பவருக்குத் தெரியாமல் கொடுக்கவே கூடாது என்று மருத்துவம் கண்டிப்பாகச் சொல்லும் மருந்து ஒன்று உண்டு. அதன் பெயர் டைசல்ஃபிராம். குடிநோய்க்கான அதன் பயன் 1948-இல் டென்மார்க்கில் தெரியவந்தது. உடலுக்குள் போகும் சாராயம் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளாக மாறி, பிறகு தீங்கற்றதாக உடையும். இந்த இரண்டாவது படியை டைசல்ஃபிராம் அடைத்துவிடும். மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் நச்சு தேங்கி முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். இதயநோய் உள்ளவர் இறந்தும் போகலாம். மருந்தை நிறுத்தி இரண்டு வாரம்வரைகூட இந்த ஆபத்து நீடிக்கும்.

இதே மாத்திரையை ஒரு மனநல மருத்துவரும் எழுதித் தருவார். கல்லீரல் பரிசோதனை, இதயத் துடிப்புப் பதிவு, நோயாளியின் ஒப்புதல், வீட்டில் ஒருவருடைய கண்காணிப்பு என்று நான்கு பக்கமும் வேலி போட்டுவிட்டுத்தான் தருவார். சாம்பாரில் கலக்கும்போது நான்கு வேலியும் போய்விடுகிறது. மருந்து ஒன்றுதான், தருபவர் யார் என்பதில் உயிர் தொங்குகிறது.

மனநோயும் போதையும் முடக்கமும் ஒரு வீட்டுக்குள் நுழையும்போது, 'யாரிடம் போவது' என்ற கேள்வி கூடவே நுழைகிறது. விடை தேடிக் கிளம்பும் குடும்பம் முதலில் தடுக்கி விழுவது சொற்களில்.

ஒரு சொல், பல கதவுகள்

'மறுவாழ்வு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழர் வாழும் முகாம்களுக்கு 2021 முதல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர். மாற்றுத்திறனாளிகள் நலனைப் பார்க்கும் மாவட்ட அதிகாரியை முன்பு 'மறுவாழ்வு அலுவலர்' என்றே அழைத்தார்கள். ஊருக்கு வெளியே புறவழிச் சாலையோரம் 'மறுவாழ்வு மையம்' என்று பலகை தெரிந்தால் அது பெரும்பாலும் குடிநோயாளிகளுக்கானது. விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு வேண்டியதும், நான்கு வயதாகியும் பேச்சு வராத குழந்தைக்கு வேண்டியதும், மனச்சிதைவிலிருந்து தேறி வேலைக்குத் திரும்ப நினைப்பவருக்கு வேண்டியதும் இதே சொல்லுக்குள்தான் அடங்குகின்றன. ஆனால் இவர்களுக்கு வேண்டிய நிபுணர்கள் வேறு வேறு.

'கவுன்சிலர்' இன்னொரு சிக்கல். வார்டில் குழாய்த் தண்ணீருக்குப் பொறுப்பானவரும், மனத்துயரைக் கேட்டு வழிசொல்பவரும் நம் நாக்கில் ஒரே ஆள். மனநல மருத்துவரிடம் போனதை அக்கம்பக்கத்தில் 'நரம்பு டாக்டர்கிட்ட காட்டினோம்' என்று சொல்வது வழக்கம். அந்த வழக்கத்துக்கு இடம் கொடுத்தே பல பலகைகளில் 'நரம்பு மற்றும் மனநலம்' என்று சேர்த்து எழுதுகிறார்கள். இதனால் பக்கவாதம் வந்தவர் மனநல மருத்துவரிடமும், தூக்கமில்லாமல் தவிப்பவர் நரம்பியல் மருத்துவரிடமும் போய் உட்கார்ந்துவிடுவது உண்டு.

இந்த மழுப்பலுக்கு வேர் வெட்கம். சென்னையில் மனநோய்க்கான மருத்துவமனை 1794-இலேயே தொடங்கி, 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. அங்கே பெற்ற சிகிச்சையால் தேறி வீடு திரும்பியவர்கள் எத்தனையோ பேர். ஆனால் பேச்சுவழக்கில் 'கீழ்ப்பாக்கம்' என்பது ஒரு கேலிச் சொல்லாகவே தங்கிவிட்டது. பெயரைச் சொல்லக் கூசும் இடத்தில் பெயர்கள் மங்கிப்போகும். பெயர்கள் மங்கிய இடத்தில் எவரும் எந்தப் பலகையையும் மாட்டிக்கொள்ளலாம். போலிகளின் முதலீடே இதுதான்.

யார் யார், எந்தச் சட்டத்தின் கீழ்

ஆகவே முதல் வேலை, ஒட்டிக் கிடக்கும் பெயர்களைப் பிரித்தெடுப்பது.

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து, பிறகு மனநலத்தில் எம்.டி., டி.என்.பி. அல்லது டி.பி.எம். பட்டயம் பெற்றவர். மாத்திரை எழுதுவது, மின்னதிர்வு சிகிச்சை தருவது, உள்நோயாளியாகச் சேர்ப்பது ஆகியவை இவர் வேலை. மாநில மருத்துவ கவுன்சிலில் இவருக்குப் பதிவு எண் இருக்கும். அந்த எண்ணை மருந்துச் சீட்டில் குறிப்பிட வேண்டியது அவர் கடமை. எண் இல்லாத சீட்டைக் கண்டால் கேட்டுவிடலாம். கேட்பது அவமரியாதை ஆகாது.

மருத்துவ உளவியலாளர் வேறு ஆள். உளவியலில் முதுகலை மட்டும் போதாது. அதற்கு மேல் இரண்டு ஆண்டு முழுநேரப் படிப்பாக, மூத்தவர் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்துப் பயிலும் எம்.ஃபில். முடித்திருக்க வேண்டும் என்பதே 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் இவருக்குத் தரும் முக்கிய வரையறை. அந்தப் படிப்புக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் அங்கீகாரமும் வேண்டும். நுண்ணறிவுச் சோதனை, ஆளுமைச் சோதனை, பேச்சுவழிச் சிகிச்சை ஆகியவை இவர் கையில். மருந்து எழுதும் உரிமை இவருக்குக் கிடையாது. முனைவர் பட்டம் பெற்ற உளவியலாளர் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டுக்கொள்வதில் தவறில்லை. அந்த 'டாக்டர்' மாத்திரை எழுதத் தொடங்கினால்தான் வம்பு.

மனநலச் சமூகப் பணியாளர் மூன்றாமவர். சமூகப் பணியில் முதுகலையும் அதன்மேல் இரண்டு ஆண்டு எம்.ஃபில்லும் படித்தவர். குடும்பம், வேலை, உதவித்தொகை, வீடு, ஊர்ப்பேச்சு என்று நோயாளியைச் சுற்றியிருக்கும் உலகத்தைச் சீராக்குபவர். இவரைத் தேடிப் போகும் குடும்பத்தை அரிதாகத்தான் பார்க்க முடியும். இவர் இல்லாமல் என்ன ஆகிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

நான்காமவர் மனநலச் செவிலியர். இவர்களோடு, பலரும் அறியாத இன்னொருவரும் உண்டு. சித்த மருத்துவத்தில் 'சிறப்பு மருத்துவம்' என்ற முதுகலைப் பிரிவைப் படித்தவரையும் அதே சட்டம் மனநலப் பணியாளராக ஏற்கிறது. ஆகவே 'சித்த வைத்தியர்' என்ற சொல்லைக் கேட்டதும் போலி என்று ஒதுக்கிவிட முடியாது. அவர் எந்தப் பிரிவில் பட்டம் பெற்றவர் என்பதே கேள்வி.

உடல்சார் மறுவாழ்வில் வேறொரு வரிசை நிற்கிறது. பேச்சுப் பயிற்சியாளர், செவித்திறன் நிபுணர், சிறப்பு ஆசிரியர், செயற்கை உறுப்பு வல்லுநர் ஆகியோர் 1992-இன் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டத்துக்குள் வருகிறார்கள். அவர்கள் பெயர் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். பதிவு இல்லாமல் தொழில் செய்தால் ஓராண்டுவரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது சட்டம். ஆயிரம் ரூபாய் என்பது, நகரங்களில் ஒரு மணி நேர 'தெரபி'க்கு வாங்கும் கட்டணத்தோடு ஒப்பிடத்தக்க தொகை. பிசியோதெரபிஸ்டும் செயல்முறைப் பயிற்சியாளரும் இந்தப் பதிவேட்டில் வரமாட்டார்கள். அவர்களுக்கு 2021-இல் தனியாக ஒரு தேசியச் சட்டம் வந்தது.

கடைசியாக ஆலோசகர். மனநல ஆலோசகர்களும் அந்த 2021 சட்டத்தின் பட்டியலில் இருக்கிறார்கள். தெருவில் நிலைமை வேறு. இரண்டு ஆண்டு ஆலோசனைப் படிப்பை ஒழுங்காக முடித்தவரும், வார இறுதியில் இணையவழிச் சான்றிதழ் வாங்கியவரும் ஒரே மாதிரிப் பலகையை மாட்டிக்கொண்டு உட்காருகிறார்கள். நல்ல ஆலோசகரை எடைபோட உதவும் அடையாளம் ஒன்று உண்டு. தன்னால் முடியாததை அவர் முதல் நாளே சொல்வார். காதில் குரல் கேட்கிறது என்று ஒருவர் சொன்னதும், 'இதற்கு முதலில் மனநல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்' என்று எழுதிக் கொடுப்பவர் நம்பத் தகுந்தவர். பத்து அமர்வுக்கான தொகையை முன்பணமாகக் கேட்பவரிடம் யோசித்துத்தான் போக வேண்டும்.

ஆளில்லாத வீட்டில்

பெயர்களைப் பிரித்தாயிற்று. ஆட்கள் இருக்கிறார்களா?

பெங்களூரிலுள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ், தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16-இல் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. பெரியவர்களில் 10.6 விழுக்காட்டினர் அப்போது ஏதோ ஒரு மனநலப் பாதிப்போடு இருந்தார்கள். பாதிக்கப்பட்டும் சிகிச்சை கிடைக்காதவர்களின் அளவு நோயைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காடு வரை. குடிநோயில் மட்டும் 86 விழுக்காட்டுக்கு மேல். இந்தியாவில் லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர் என்பது 2019-இல் வெளியான ஒரு மதிப்பீடு. மூன்று பேராவது இருந்தால் நல்லது என்பது துறையினர் கருத்து. மருத்துவ உளவியலாளர், சமூகப் பணியாளர் நிலை இன்னும் மோசம். உலக அளவில் ஏற்கப்பட்ட விகிதத்துக்கு மனநலப் பணியாளர்களைப் பத்து ஆண்டுகளுக்குள் உருவாக்க அரசுகள் முயல வேண்டும் என்று 2017-இன் சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018-இல். கெடு 2028-இல் முடிகிறது.

ஆளில்லாத இடம் வெறுமனே கிடக்காது. அங்கே கோயில் வரும், தர்கா வரும், குறி சொல்பவர் வருவார், சுவரொட்டிக்காரரும் வருவார். இவர்கள் எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. தமிழ்நாட்டுக் கிராமக் கோயில் ஒன்றில் தங்கியிருந்த மனநோயாளிகள் 31 பேரை ஆய்வு செய்த நிம்ஹான்ஸ் மருத்துவர்கள், 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களின் நோய்க்குறிகள் ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்திருந்தன. அங்கே அடியில்லை, மிரட்டலில்லை. உறவினர் ஒருவர் கூடவே இருந்தார். நோயாளி கோயில் வேலைகளில் சிலவற்றைச் செய்தார். பரிவான ஒரு புகலிடம் என்ன செய்யும் என்பதற்கு இது சான்று.

புகலிடம் என்ற பெயரில் என்ன நடக்கும் என்பதற்கு ஏர்வாடி சான்று. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். 28 பேர் மாண்டார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்களில் பெரும்பாலோர் கொடியவர்கள் அல்ல. வேறு முகவரி தெரியாத அப்பா, அம்மா, அண்ணன்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. இன்று எந்த வகையிலும், எந்த முறையிலும் நோயாளியைச் சங்கிலியிடக் கூடாது என்று சட்டம் சொல்வதன் பின்னால் அந்தச் சாம்பல் இருக்கிறது.

மையத்தின் கதவைத் தட்டும்போது

தனியாளின் தகுதி ஒன்று, நிறுவனத்தின் தகுதி வேறொன்று. நல்ல மருத்துவர் பெயரைப் பலகையில் மாட்டிவிட்டு, மாதம் ஒரு முறை அவரை வரவழைக்கும் மையங்களும் நடக்கின்றன.

2017 சட்டத்தில் 'மனநோய்' என்ற வரையறைக்குள் மதுவும் போதைப்பொருளும் தரும் பாதிப்புகளும் அடங்கும். ஆகவே குடிபோதை மறுவாழ்வு மையமும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற வேண்டும். சான்றிதழை வருபவர் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் முதல் முறை 5,000 முதல் 50,000 ரூபாய்வரை அபராதம். திரும்பத் திரும்பச் செய்தால் 5 லட்சம்வரை போகும். வரவேற்பறையில் சாமி படமும் சான்றோர் படமும் இருந்து, இந்த ஒரு சான்றிதழ் மட்டும் இல்லையென்றால் அங்கேயே திரும்பிவிடலாம்.

அடுத்து கேட்க வேண்டிய கேள்வி: 'முதல் ஐந்து நாள் ராத்திரியில் யார் இருப்பார்?' பல ஆண்டு குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உடல் அதற்கென்று ஒரு கடிகாரத்தை வைத்திருக்கிறது. ஆறு மணி நேரத்திலிருந்து கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரை, நம் ஊரில் 'சன்னி கண்டுவிட்டது' என்பார்களே, அந்தப் பிதற்றல் நிலை வரலாம்: சுவரில் பூச்சி ஊர்வதுபோல் தெரியும், ஆள் அடையாளம் தெரியாது, காய்ச்சலடிக்கும். கவனிக்காவிட்டால் உயிர் போகும். அந்த நாட்களில் அளவாகக் குறைத்துக்கொண்டே வரும் அமைதிப்படுத்தும் மருந்து வேண்டும். பி1 ஊட்டச்சத்தான தயமின் ஊசி வேண்டும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை நிரந்தரமாகக் கெட்டுப்போகும் அபாயம் உண்டு. 'எங்க சார் பதினைந்து வருஷம் குடித்து மீண்டவர், அவரே பார்த்துக்கொள்வார்' என்பது இந்தக் கேள்விக்கு விடை ஆகாது. மீண்டவருடைய துணை பெரிய துணைதான். அது ஆறாம் நாளிலிருந்து தொடங்கட்டும்.

சேர்க்கும் முறையையும் பார்க்க வேண்டும். வீட்டு வாசலில் வேன் வந்து நிற்கும், நான்கு பேர் இறங்கி ஆளை அமுக்கித் தூக்கிப் போவார்கள் என்பது பல ஊர்களில் கேள்விப்படும் கதை. நோயாளி சம்மதிக்காத நிலையில் சேர்ப்பதற்குச் சட்டத்தில் வழி உண்டு. அவருடைய பிரதிநிதி விண்ணப்பம் தர வேண்டும். ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநலப் பணியாளரோ தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். 30 நாளுக்கு மேல் அந்தச் சேர்க்கையில் வைத்திருக்கக் கூடாது. ஏழு நாளுக்குள், பெண்களுக்கும் சிறாருக்கும் மூன்று நாளுக்குள், மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். வேனில் வந்த நால்வரில் இதற்கெல்லாம் பொறுப்பானவர் யாரும் இருக்கமாட்டார். 'மூன்று மாதத்துக்குப் பார்க்க வராதீர்கள், போன் பேசாதீர்கள்' என்று சொல்லும் மையமும் அப்படித்தான். உறவினரைப் பார்க்கவும் தொலைபேசியில் பேசவும் நோயாளிக்கு உரிமை உண்டு. பூட்டிய கதவைவிட, பார்க்க விடாத கதவு ஆபத்தானது.

சாந்தி ரங்கநாதன், குடிநோயில் கணவரை இழந்த பிறகு, 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம், குடி ஒரு நோய் என்பதைத் தமிழ்நாட்டுக்குச் சொல்லித் தந்த முன்னோடி. குடும்பத்தினரையும் சிகிச்சைக்குள் அழைத்து உட்காரவைக்கும் முறை அங்கே வேரூன்றியது. ஒரு மையத்தை எடைபோட இதுவும் நல்ல அளவுகோல்: மனைவியை, அம்மாவை உள்ளே அழைக்கிறார்களா, கட்டணம் கட்டும் ஜன்னலோடு நிறுத்திவிடுகிறார்களா?

முதல் அரைமணி நேரம்

பதிவு எண்ணும் சான்றிதழும் வாசற்படிவரை கொண்டுபோய் விடும். உள்ளே நடப்பதை நாம்தான் கவனிக்க வேண்டும்.

தகுதியுள்ளவர் கேட்கும் கேள்விகள் சில நேரம் சம்பந்தமில்லாததுபோல் தோன்றும். தைராய்டு பார்த்தீர்களா, தலையில் அடிபட்டதுண்டா, வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறார், குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா, எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது? மனச்சோர்வு போலத் தெரிவது தைராய்டு குறைவாக இருக்கலாம் என்பதால்தான் அந்த முதல் கேள்வி. கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு நோயாளியிடம் தனியாகப் பேசுவார். 'செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?' என்று நேராகவே கேட்பார். கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிட்டதாகிவிடும் என்று குடும்பம் பயப்படும். கேட்பதால் தூண்டப்படுவதில்லை என்பதே ஆய்வுகள் காட்டுவது.

மருந்துச் சீட்டும் பேசும். லித்தியம் எழுதியவர் ரத்தத்தில் அதன் அளவையும் சிறுநீரகத்தையும் தைராய்டையும் அவ்வப்போது பார்க்கச் சொல்வார். க்ளோசபின் எழுதியவர் வெள்ளையணு எண்ணிக்கையை விடாமல் கேட்பார். ரத்தப் பரிசோதனை பற்றிப் பேச்சே எடுக்காமல் இந்த மருந்துகளை மாதக்கணக்கில் தொடர்பவரிடமும், தூக்க மாத்திரையை முடிவு தேதி இல்லாமல் நீட்டிக்கொண்டே போகிறவரிடமும் பட்டம் எத்தனை இருந்தாலும் இரண்டாவது கருத்து கேட்பது நல்லது. நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் சொல்ல மறுப்பவரிடமும் அப்படியே. மருத்துவ ஆவணங்களைக் கேட்டுப் பெறுவது நோயாளிக்குச் சட்டம் தந்த உரிமை. 'முழுசா குணப்படுத்திடுவோம், கேரண்டி' என்ற சொல் காதில் விழுந்தால் எழுந்துவிடலாம். மனச்சிதைவுக்கும் ஆட்டிசத்துக்கும் உத்தரவாதம் தருபவர், இந்தத் துறையைப் படித்தவராக இருக்க முடியாது.

மருந்துக்கு அப்புறம்

இதுவரை சொன்னதெல்லாம் தவறான ஆளைத் தவிர்ப்பது பற்றி. சரியான ஆளைக் கண்டுபிடித்த வீட்டிலும் ஒரு குறை தங்கிவிடுகிறது. குரல் கேட்பது நின்றுவிடும், தூக்கம் வந்துவிடும், ஆனால் பையன் அறையைவிட்டு வெளியே வரமாட்டான். அம்மா மாத்திரை டப்பாவோடு பத்து ஆண்டு காவல் இருப்பார். மருத்துவர் தன் வேலையைச் செய்துவிட்டார். அடுத்த ஆளான சமூகப் பணியாளர் வரவே இல்லை.

இந்த அடுத்த ஆளைப் பற்றி முன்பே யோசித்தவர்கள் இதே மண்ணில் இருந்தார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் ஒரு சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவானது. முதுகுத்தண்டு முறிந்தவருக்கு அறுவை முடிந்ததும் சிகிச்சை முடிந்துவிடுவதில்லை. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது முதல் பிழைப்புக்கு ஒரு தொழில் கற்பதுவரை அது நீள்கிறது என்பதைத் தன் உடலாலேயே அறிந்தவர் அவர். அதே வேலூரில் 1957-இல் தொடங்கிய மனநல மையம், உறவினரை நோயாளியோடு தங்கவைத்துச் சிகிச்சையில் பங்காளியாக்கியது.

கீழ்ப்பாக்கம் மருத்துவமனைக்குத் தலைமையேற்ற முதல் பெண்ணான மருத்துவர் எம்.சாரதா மேனன், ஓய்வுக்குப் பின் 1984-இல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். மனச்சிதைவு ஆய்வு, சிகிச்சை, மறுவாழ்வு மூன்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார். புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு அந்த அமைப்பின் பேருந்து போகும். நோயாளி பேருந்துக்குள் உட்கார்ந்து, திரையில் சென்னை மருத்துவரிடம் பேசிவிட்டு, அங்கேயே மருந்தை வாங்கிக்கொள்ளலாம். 1993-இல் சென்னையில் தொடங்கிய தி பான்யன், தெருவில் திரிந்த மனநோயாளிப் பெண்களுக்குப் புகலிடம் தந்து, பிறகு அவர்களில் சிலரைச் சாதாரணத் தெருவில், சாதாரண வாடகை வீட்டில் சேர்ந்து வாழவைக்கும்வரை போனது.

2014-இல் லான்செட் இதழில் வெளியான ஓர் ஆய்வை இங்கே கவனிக்க வேண்டும். தமிழ்நாடு, மகாராஷ்டிரம், கோவா ஆகிய இடங்களில் மனச்சிதைவு உள்ள 282 பேர் இதில் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான மருத்துவச் சிகிச்சை மட்டும். இன்னொரு பிரிவினருக்கு அதோடு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஊழியர் வீட்டுக்கே போய் மாத்திரை, குடும்பச் சச்சரவு, வேலை, வெளியே பழகுவது என்று எல்லாவற்றிலும் உதவினார். ஓராண்டு முடிவில் இரண்டாவது பிரிவில் முன்னேற்றம் ஓரளவு கூடுதல். அதுவும் காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமப்புறத்தில்தான் தெளிவாகத் தெரிந்தது. அந்த ஊழியர்கள் மனநலப் பட்டம் பெற்றவர்கள் அல்லர். ஆனால் அவர்களுக்கு மேலே தகுதியுள்ளவர்கள் இருந்து மேற்பார்வை செய்தார்கள். ஊழியர்களும் தங்களை நிபுணர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. பட்டமில்லாதவர் உதவக் கூடாது என்பதில்லை. யாருக்குப் பதில் சொல்லும் பொறுப்பில் நின்று உதவுகிறார் என்பதே முக்கியம். சுவரொட்டிக்காரர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

எங்கிருந்து தொடங்குவது

பதிவேடுகள் இருக்கின்றன. ஆனால் நள்ளிரவில் மகன் கதவை உடைக்கும்போது யாரும் டெல்லிப் பதிவேட்டைத் திறந்து பார்க்கப் போவதில்லை. அந்த நேரத்துக்கு 14416 என்ற டெலிமனஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். இது 2022-இல் தொடங்கியது. போதைக்கு 14446 என்ற தேசிய உதவி எண். பகலில், மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே மருந்து இலவசம். மனநோயால் வரும் இயலாமையும் சட்டப்படி மாற்றுத்திறன்தான். தன்னைக் கவனித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை செய்வது ஆகிய நான்கையும் அளந்து, 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்று வந்தால் அடையாள அட்டைக்கும் அதன்வழி வரும் சலுகைகளுக்கும் வழி திறக்கும்.

அரசு செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் காரியமாக இருக்க வேண்டியதில்லை. மாவட்டத்தில் பதிவு பெற்ற மையங்களின் பட்டியலையும், மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், சமூகப் பணியாளர் பெயர்களையும் தமிழில், பதிவு எண்ணோடு, ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையச் சுவரிலும் எழுதி வைக்கலாம். ரேஷன் கடையில் இருப்பு விவரம் எழுதுவதில்லையா, அதுபோல. மின்கம்பத்துக்குப் போலி போய்ச் சேர்ந்துவிட்டது. பதிவேடு இன்னும் கணினியைவிட்டு இறங்கவில்லை.

அதுவரை, மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஒரு வேலை குடும்பத்தின் கையில் இருக்கிறது. மஞ்சள் பையில் மாத்திரை அட்டைகளையும் விடுவிப்புச் சீட்டையும் போட்டுக்கொண்டு, ஆட்டோ நிற்கிறதா என்று வாசலைப் பார்க்கும் அவசரம் எல்லோருக்கும் இருக்கும். அந்த அவசரத்திலும் மருத்துவரிடம் திரும்பிப் போய்க் கேட்க வேண்டும்: 'சார், இங்கே சமூகப் பணியாளர் யார்? எங்க வீட்டுக்கு எப்போ வருவாங்க?' வீட்டுக்கு வந்து செய்யும் மறுவாழ்வுச் சேவை அதே 2017 சட்டத்தின் பட்டியலில் எழுதியிருக்கிறது. நாலு பேர் கேட்டால் அந்த நாற்காலி காலியாக இருப்பது தெரியவரும். நாற்பது பேர் கேட்டால் அதில் உட்கார ஓர் ஆளை அனுப்பியாக வேண்டியிருக்கும்.